விடை வாங்காமல் ஏறக் கூடாது

எங்கள் பக்கத்தில் ஒரு மகளிர் வீரக்கலை மையம் இருக்கிறது. சேர்ந்த பெண்களில் ஒருத்தியைக்கூட வெளியே விடாததற்காக அதற்கு இந்த ஆண்டு விருது கொடுத்திருக்கிறார்கள். நான் ஒன்றும் தவறாக எழுதிவிடவில்லை. ‘நூறு சதவீதத் தக்கவைப்பு’ என்று பித்தளைத் தகட்டில் பொறித்து, மையத்தின் இயக்குநர் நாராயணபெருமாளின் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். போகவில்லை என்பதற்கும் போக முடியவில்லை என்பதற்கும் நடுவே ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. அதைப் பொறிக்கத் தகட்டில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

தக்கலையில் பஸ் இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். உள்ளே போகும் வழி எல்லாருக்கும் தெரியும்.

பிந்துவுக்கு அந்த வழியைக் காட்டியது ஒரு பஸ்ஸின் முதுகு. அவள் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைப்பவள். முந்திரி எண்ணெய் பட்டுப் பட்டு விரல்களெல்லாம் கறுத்துப்போயிருக்கும். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு பெண் தன் காலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தாள். ‘அஞ்சாதே பெண்ணே, மையத்துக்கு வா. பயிற்சி இலவசம்’ என்று கீழே எழுதியிருந்தது. பஸ் போகும்வரை பிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்படி ஒரு கால் தேவைப்பட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் வீட்டுக்கு ரப்பர் தோட்டம் வழியாகத்தான் போக வேண்டும். விளக்கு கிடையாது. சில மாதங்களாக மகேஷ்குமார் என்பவன் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தான். எஞ்சினையும் விளக்கையும் அணைத்துவிட்டு, காலால் தரையை உந்தி உந்தி வருவான். பேச மாட்டான். அவள் நின்றால் நிற்பான், நடந்தால் வருவான். ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். “அவன் ஒண்ணும் செய்யல்லல்லா?” என்று நாலு பேரும் ஒரேபோல் கேட்டார்கள். அவன் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனாலும் டயர் சருகை மிதிக்கும் சத்தம் அவளுக்குத் தூக்கத்திலும் கேட்டது.

ஆகவே சேர்ந்தாள். தக்கலையில் மொபைல் கடையில் நிற்கும் அஜிஷாவும் கூடச் சேர்ந்தாள். அஜிஷா கடியப்பட்டணத்துக்காரி. அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. “வந்தா என்ன செய்யணும்னு முன்னாடியே படிச்சு வச்சா நல்லதுல்லா” என்பது அவள் கட்சி.

மையத்தின் நடுவில் பயிற்சிக் களம் இருந்தது. மார்பளவு ஆழத்துக்குத் தோண்டிய பெரிய குழி, இறங்க ஒரு பக்கம் படி. அதில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்தது குளோரி. ஒப்பந்தப் பயிற்றுநர் என்பது அரசாங்கத்துக்கு. களத்தில் அவள் ஆசான். கடற்கரைக்காரி. மீன்கூடை சுமந்த கழுத்து, பேச்சில் பாதி அதட்டல்.

குளோரிக்கு இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஒன்று வணக்கம். களத்தில் இறங்கியதும் மண்ணைத் தொட்டு, ஆசானின் காலைத் தொட வேண்டும். பிந்து முதல் நாள் கோயிலில் விழுவதுபோல் விழுந்தாள்.

“ஏட்டி, கண்ண எங்க வச்சிருக்க? தரையிலயா?” என்றாள் குளோரி. “குனிஞ்சாலும் கண்ணு எனக்க முகத்துலதான் நிக்கணும், கேட்டியா? மண்ணத் தொடுகது கை மட்டுந்தான். காலத் தொடுகேன்னு குனியுறவ நெனச்சா ஆளத் தூக்கியும் போடலாம். அது தெரிஞ்சவ கும்பிடுகதுதான் கும்பிடு.”

இன்னொன்று விடை. பயிற்சி முடிந்து ஆசான் ‘போயிட்டு வா’ என்று சொன்ன பிறகே களத்தை விட்டு ஏற வேண்டும். அது குளோரி படித்த களத்து வழக்கம். அவள் அதைச் சடங்காகச் செய்யவில்லை. ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, “எந்த பஸ்? யாருக்க கூடப் போற?” என்று கேட்பாள். பதில் பிடிக்காவிட்டால் விடை கிடையாது. அந்தப் பக்கம் போகிற வேறொருத்தியைச் சேர்த்துவிட்டுத்தான் ‘போயிட்டு வா’. ரப்பர் தோட்டத்து வழியையும் பைக்கையும் பற்றி பிந்து சொன்னதும் குளோரியின் முகம் மாறியது. அதற்குப் பிறகு பல நாள் அவளே பிந்துவோடு பஸ் ஏறி, வீட்டு வாசல்வரை வந்து திரும்பினாள். அந்த நாள்களில் டயர் சத்தம் கேட்கவில்லை.

நல்ல காரியம் ஒன்று இப்படி நடந்துகொண்டிருந்தால் மேலிடத்துக்குப் பொறுக்குமா? கேள்வி வந்தது. சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் எங்கே?

எங்கே என்று குளோரிக்குத் தெரியும். மையத்தில் கழிவறை இல்லை. பயிற்சி முடிந்து போனால் பாதிப் பேருக்குக் கடைசி பஸ் கிடைப்பதில்லை. இறங்கும் இடத்தில் விளக்கில்லை. கழிவறையும் விளக்கும் வேண்டும் என்று அவள் நாராயணபெருமாளிடம் நேரில் போய்ச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். அவர் எதையும் கவனமாகக் கேட்பார், அதில் குறை சொல்ல முடியாது. கேட்டுவிட்டு ஓர் ஆய்வுக்கு உத்தரவிட்டார்.

ஆய்வின் முடிவை அவர் களத்தின் கரையில் மைக் வைத்து அறிவித்தார். பெண்கள் குழிக்குள் நின்று அண்ணாந்து கேட்டார்கள்.

“சகோதரிகளே! இடைநின்ற பெண்கள் அனைவரையும் பற்றி அறிவியல் முறைப்படி ஆராய்ந்தோம். அவர்களுடைய சாதி வேறு, மதம் வேறு, ஊர் வேறு. ஆனால் அனைவருக்கும் பொதுவான காரணம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அவர்கள் அனைவரும் வாசல் வழியாகவே வெளியேறியுள்ளனர்.”

கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மறுநாள் முதல் பயிற்சி நேரத்தில் வாசல் பூட்டப்பட்டது.

“கழிவறை, சார்?” என்றாள் குளோரி.

“யோசித்துப் பாருங்கள் அம்மா. கழிவறை கட்டினால் அவர்கள் களத்தை விட்டு அங்கே போவார்கள். போவதைத்தானே நாம் தடுக்கப் பார்க்கிறோம்?”

பூட்டுப் போட்டும் ஆள் குறைந்தது. வீட்டுக்குப் போனவர்கள் மறுநாள் திரும்பி வரவில்லை. நாராயணபெருமாள் ஒரு மாலை முழுக்கக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்தக் கசிவு எங்கே நடக்கிறது என்று பார்த்தார். பயிற்சி முடிந்தது. குளோரி ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேள்வி கேட்டு, ‘போயிட்டு வா’ என்றாள். ஒவ்வொருத்தியாகப் போனார்கள். அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

அடுத்த கூட்டத்தில் அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “ஒரு தாயாக இருக்க வேண்டியவர், நம் சகோதரிகளைப் பார்த்துத் தினமும் ‘போ’ என்று சொல்லிவந்ததை என் கண்ணாலேயே கண்டேன். இந்த மையத்தில் அப்படிச் சொன்ன ஒரே நபர் அவர்தான். இடைநிற்றலின் வேர் எங்கே இருந்தது என்று இப்போது புரிகிறதா?”

குளோரியின் ஒப்பந்தம் அன்றே முடிந்தது. அவள் சண்டை போடவில்லை. களத்தில் இறங்கி மண்ணைத் தொட்டாள். கண் நாராயணபெருமாளின் முகத்திலேயே நின்றது. அவர் வேறு பக்கம் பார்த்தார். வாசலில் காவலாளி பூட்டைத் திறக்கும்போது அவள் திரும்பிப் பெண்களிடம் சொன்னாள்: “மக்கா, எனக்கு விடை தர இஞ்ச ஆளில்ல. அதனால நான் போவல்லன்னு வச்சுக்கிடுங்க.”

அஜிஷா அழுதுவிட்டாள். பிந்துவுக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. அன்று மாலை ரப்பர் தோட்டத்தில் டயர் சத்தம் மறுபடி கேட்டது.

ஆசான் போய்விட்டாலும் வழக்கம் போகக் கூடாது என்று மையம் முடிவு செய்தது. நமது மரபுமேல் நாராயணபெருமாளுக்கு இருந்த பக்தியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘ஆசான் விடை கொடுக்காமல் எவரும் களத்தை விட்டு ஏறக் கூடாது’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தார்கள். ஆசான் பணியிடம் காலியாக இருந்தது. நிரப்பக் கேட்டு மேலே எழுதியிருந்தார்கள். அதுவரை தற்காலிக ஏற்பாடாக, மாலையில் காவலாளி மணி அடித்தால் ஏறலாம். படி இருந்தால் முன்னாலேயே ஏறிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் படியை இடித்தார்கள். களத்தின் புனிதம் கருதி என்று காரணம் சொன்னார்கள். பதிலுக்கு ஒரு ஏணி வந்தது. ஏணி அலுவலக அறையில் இருந்தது. அறைச் சாவி இயக்குநரின் சட்டைப்பையில் இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சாவி நாகர்கோவிலுக்குப் போய்விட்டது. பெண்களைத் தக்கவைப்பது குறித்து அங்கே அவருக்கு ஒரு கருத்தரங்கு. குழியில் வெள்ளம் கணுக்காலுக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு வந்தது. ஒருத்தியை ஒருத்தி தூக்கிவிட்டால் ஏறிவிடலாம். சொல்லிக்கொடுக்காமலே அது அவர்களுக்குத் தெரியும். ஆனால் கரையில் நின்ற காவலாளி கை கூப்பினான்.

“ஏறாதீங்க மக்களே, எனக்க வேலை போயிரும். நான் குடும்பஸ்தன்.”

அவனுக்காகப் பாவம் பார்த்து நின்றார்கள். நம் பெண்களுக்கு இந்தப் பாவம் பார்க்கிற வியாதி இருக்கிறதே, அதைத் தீர்க்க எந்தக் களத்திலும் அடி கிடையாது. நாராயணபெருமாள் திரும்பி வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் குடைக்குள் நின்று ஒரு போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவைக் கருத்தரங்கு மலரில் இன்றும் பார்க்கலாம். ‘வெள்ளத்திலும் விலகாத வீரப் பெண்கள்’ என்று தலைப்பு.

மறுநாள் ஐந்தாறு பேர் வரவில்லை. மேலிடம் மறுபடி கேட்டது. அதற்குப் பிறகுதான் மையம் ‘தக்கவைப்பு ஊக்குநர்’ என்ற புதிய பதவியை உண்டாக்கியது. வராத பெண்களின் வீட்டுக்கே போய் அழைத்து வருவது வேலை. சொந்தமாக பைக் இருப்பவருக்கு முன்னுரிமை.

அறிமுகக் கூட்டத்தில் புது ஊக்குநர் கரையில் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பிந்து பக்கத்தில் நின்ற அஜிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திருவாளர் மகேஷ்குமார் அவர்கள்” என்றார் நாராயணபெருமாள். “இந்த வட்டாரத்தில் பெண்கள் எந்த பஸ்ஸில் வருகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள், எந்த வழியாகத் தனியே நடக்கிறார்கள் என்பதெல்லாம் இவருக்கு விரல் நுனியில். நேர்காணலில் இவரளவுக்கு விவரம் சொன்னவர் வேறு எவருமில்லை.”

பிந்து கையைத் தூக்கினாள். “சார், இவனாக்கும் எனக்க பின்னால வாறது. மாசக்கணக்கா வாறான். லைட்ட அணச்சுப் போட்டு வாறான்.”

நாராயணபெருமாளின் முகம் மலர்ந்தது.

“பார்த்தீர்களா! நியமன உத்தரவு வருவதற்கு முன்பே இவர் பணியைத் தொடங்கிவிட்டார். அதுவும் சம்பளம் வாங்காமல். இப்படிப்பட்ட அர்ப்பணிப்பு இன்றைய இளைஞர்களிடம் எங்கே இருக்கிறது?”

கை தட்டினார்கள். மகேஷ்குமார் கூச்சத்தோடு தலை குனிந்தான்.

அந்த வாரமே பிந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். காய்ச்சல் பொய்யில்லை. பாயில் கிடந்தபோது முற்றத்தில் பைக் நின்றது. இந்த முறை எஞ்சின் சத்தத்தோடு வந்து, சத்தத்தோடு நின்றது. அம்மா அவனை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு, கட்டஞ்சாயா கொடுத்தாள்.

“மையத்துலேருந்து வந்திருக்காவ மக்கா. நல்ல மரியாதப்பட்ட பையன். அட்டை எல்லாம் போட்டிருக்கான்” என்றாள் கதவருகில் வந்து.

“அம்மா, அவனாக்கும் அவன்.”

அம்மா அவன் இருந்த பக்கம் எட்டிப் பார்த்தாள். “சர்க்காரு ஆளாயிட்டானே” என்றாள் பிறகு, மெதுவாக. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சாயாவை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரைப் பார்த்துப் பயந்து மையத்தைத் தேடி ஓடினாளோ, அவனை மையமே வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது.

காய்ச்சல் விட்டதும் அவள் நாராயணபெருமாளின் அறைக்குப் போனாள். “சார், நான் நின்னுக்கிடுகேன். எனக்கு இந்தப் பயிற்சி வேண்டாம்.”

“தாராளமாக நின்றுகொள்ளலாம் அம்மா. இங்கே வற்புறுத்தல் என்பதே கிடையாது. ஆனால் மரபு ஒன்று இருக்கிறதல்லவா? ஆசானிடம் விடை வாங்க வேண்டும்.”

“ஆசானத்தான் நீங்க வேலையிலேருந்து பிரிச்சு விட்டுட்டியளே.”

“கவலையே வேண்டாம். அடுத்த வாரம் சென்னையிலிருந்து விருதுக்குழு வருகிறது. அன்றைக்கே பொறுப்பு ஆசான் ஒருவரை நியமிக்கிறோம். அவர் காலைத் தொட்டு விடை வாங்கிக்கொண்டு தாராளமாகப் போகலாம்.”

பொறுப்பு ஆசான் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஊக்குநர் பதவியோடு கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருந்தார்கள். தகுதி பற்றி ஒருவர் கேட்டாராம். களத்தில் மிச்சமிருக்கும் அத்தனை பெண்களும் இவரால்தான் வருகிறார்கள், இதைவிட வேறென்ன தகுதி என்று நாராயணபெருமாள் பதில் சொன்னாராம்.

விருதுக்குழு வந்த நாளில் கரையைச் சுற்றிப் பந்தல் போட்டிருந்தார்கள். விருந்தினர்கள் இளநீர் குடித்தார்கள். குழிக்குள் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் அடியில், பட்டுவேட்டியில் மண் படாமலிருக்க ஒரு பலகைமேல், மகேஷ்குமார் வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி நின்றான். ஒவ்வொருத்தியாகக் குனிந்து அந்தக் காலைத் தொட வேண்டும். அவன் விடை கொடுத்தால் ஏற வேண்டும்.

“பெண் என்பவள் சக்தி” என்று மேலே மைக்கில் நாராயணபெருமாள் தொடங்கினார். “சக்தியைச் சிதற விடக் கூடாது. தேக்கி வைக்க வேண்டும். அணையில் தேங்கிய தண்ணீருக்குத்தான் மதிப்பு. ஆகவே சகோதரிகளே, நீங்கள் எங்கும் போகாமல் இருப்பதே உங்கள் விடுதலை!”

வரிசையில் முதலில் பிந்துவை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் போனதும் அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான். இத்தனை மாதத்தில் அவன் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“பின்னால வந்து வந்து எனக்கு மடுத்துச் சலிச்சுப் போச்சு. இண்ணைக்கு நான் கொண்டு விடுகேன். முன்னால பைக் நிக்குகு. ஏறிக்க, என்னா?”

அவள் மண்ணைத் தொட்டாள். பிறகு அவன் காலைத் தொடக் குனிந்தாள். கண் அவன் முகத்தில் நின்றது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கறுத்த விரல்கள் அவன் குதிகாலைச் சுற்றி இறுகின. தோளை அவன் முழங்காலில் கொடுத்து, குளோரி சொல்லிக்கொடுத்தபடியே குதிகாலைத் தன் பக்கம் இழுத்தாள்.

பலகை ஒரு பக்கம் போனது, பொறுப்பு ஆசான் ஒரு பக்கம் போனார். பட்டுவேட்டி தலைக்கு மேல் வந்தது. மூச்சு முட்டி, வாயைத் திறந்து திறந்து மூடினாரே தவிரச் சத்தம் வரவில்லை.

விருதுக்குழுத் தலைவி எழுந்து நின்று கை தட்டினார். “அருமையான செய்முறை விளக்கம்! ஆசானே விழுந்து காட்டுகிறார், பாருங்கள்!” என்றார். எல்லாரும் எழுந்து தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பிந்து ஏணியில் ஏறினாள். பின்னால் அஜிஷா ஏறினாள். பிறகு எல்லாரும் ஏறினார்கள். விருந்தினர் வருகைக்காக வாசல் திறந்திருந்தது. யாரும் ஓடவில்லை, நடந்துதான் போனார்கள். பஸ் ஏறிய பிறகுதான் அஜிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டியது.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், உங்களுக்கு அலுவலகங்களோடு பழக்கமில்லை என்று அர்த்தம்.

அன்று பொறுப்பு ஆசானால் வாய் திறந்து விடை கொடுக்க முடியவில்லை. விடை கொடுக்காததால், மரபுப்படி எவரும் களத்தை விட்டு ஏறவில்லை. ஏறாததால் எவரும் விலகவில்லை. காலியான குழியைக் கரையிலிருந்து பார்த்தபடியே நாராயணபெருமாள் இதைத் தெளிவுபடுத்தினார். விருதுக்குழு ஏற்றுக்கொண்டது. தகடு வந்தது. தகட்டோடு கூடுதல் நிதியும், கூடுதலாக இரண்டு ஊக்குநர் பணியிடங்களும் வந்தன. மகேஷ்குமார், விழுந்ததற்குப் போட்ட கட்டை அவிழ்த்ததும் தலைமை ஊக்குநரானான்.

பஸ் நிறுத்தத்தில் விளக்கு மட்டும் வரவில்லை.

நேற்று மாலை பிந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது பின்னால் அஜிஷாவும் இறங்கினாள். “இண்ணைக்கு உனக்க வீட்டுலதான் எனக்குச் சோறு” என்றாள். அவள் ஊர் பஸ் வேறு திசையில் போவது. குளோரியிடம் போனில் பேசியிருக்கிறாள் என்று பிந்துவுக்குப் புரிந்தது. ‘யாருக்க கூடப் போற?’ என்று கடற்கரையிலிருந்து இன்னமும் ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தோட்டத்துக்குள் பாதி வழியில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு பைக்கின் சத்தமாக இல்லை. இருவரும் நின்றார்கள். சத்தமும் நின்றது. திரும்பினார்கள். மூன்று பைக்குகளின் விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. வெளிச்சத்துக்குப் பின்னாலிருந்து, ஏணியடியில் கேட்ட அதே குரல் வந்தது.

“விடை வாங்காம ஏறி வந்துட்டியளே ரெண்டு பேரும்.”

பிந்து சோற்றுப் பாத்திரப் பையைக் கீழே வைத்தாள். குனிந்து, வழியின் மண்ணைத் தொட்டாள். கண் வெளிச்சத்தை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் வளையல் குலுங்கியது. அஜிஷாவும் குனிந்துவிட்டாள்.